களத் தொற்றுநோயியல் பயிற்சியில் வழிகாட்டல்

பயிலுநரை நோய் பரவும் ஊருக்கே அனுப்பி, அங்கு அவர் திரட்டும் தகவலையும் எடுக்கும் முடிவையும் மூத்தவர் ஒருவர் உடனுக்குடன் சரிபார்த்துத் திருத்தும் பயிற்சி முறை. களத் தொற்றுநோயியல் வகுப்பறையில் தொடங்கினாலும் அதன் பெரும்பகுதி வீட்டு முற்றங்களிலும் வயல் வரம்புகளிலும்தான் கற்கப்படுகிறது.

அமெரிக்காவில் அலெக்சாண்டர் லாங்மியூர் 1951இல் தொடங்கிய இரண்டாண்டுப் பயிற்சித் திட்டமே இதன் நவீன வடிவத்துக்கு அடித்தளம். ஓட்டை விழுந்த சப்பாத்தின் அடிப்பாகம் அதன் சின்னம். தாய்லாந்து 1980இலும், சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 2001இலும் இவ்வகைப் பயிற்சியை ஆரம்பித்தன. இத்தகைய திட்டங்களை இணைக்கும் டெஃபிநெட் வலையமைப்பு 1997இல் உருவானது.

இலங்கையில் இதற்கு முந்திய வேர் உண்டு. 1926இல் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்ததே சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர் என்ற இன்றைய அமைப்பு. சுகாதார அமைச்சின் தொற்றுநோய் விஞ்ஞானப் பிரிவு 1959இல் ஏற்பட்டது. வடக்கில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடம் 1978இல் தொடங்கியபின், சமுதாய மருத்துவப் பேராசிரியர் செ. சிவஞானசுந்தரம் மாணவரை ஊருக்குள் இறக்கிக் கற்பித்த தலைமுறையின் முன்னோடியானார். ஆய்வு செய்யப் பழகுவோருக்கென்றே ஒரு நூலும் எழுதினார். ‘நந்தி’ என்ற பெயரில் கதைகள் எழுதியவரும் அவரே. நோயாளியின் வாழ்க்கையைக் கேட்டறியும் பழக்கம் இரண்டு பணிகளுக்கும் பொதுவானது.

கிளிநொச்சி மாவட்டத்தின் அக்கராயன் போன்ற குளத்துநீர் நெற்செய்கைப் பகுதியில் வழிகாட்டலின் பயன் தெளிவாகத் தெரியும். காலபோகத்தில் ஒருவர் காய்ச்சலோடு வருகிறார். எலிக்காய்ச்சல் எனச் சந்தேகம். வைத்தியசாலையிலிருந்து 544ஆம் இலக்க அறிவித்தற் படிவம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகும். பரிசோதகர் வீடு தேடிச் சென்று விசாரித்து 411ஆம் படிவத்தை நிரப்புவார். வாராந்த அறிக்கை பிராந்தியத் தொற்றுநோயியலாளரையும் கொழும்பையும் அடையும். பயிலுநர் ‘தொழில்: விவசாயம்’ என்று எழுதிவிட்டால் படிவம் நிறைந்துவிடும், விசாரணை நிறையாது. எந்த வயலில் இறங்கினார், காலில் காயம் இருந்ததா, வேறு யாருடைய வயலிலும் கூலிக்குப் போனாரா, கூட நின்றவர்களுக்கும் காய்ச்சலா, டொக்சிசைக்கிளின் தடுப்பு மருந்தை முன்கூட்டியே எடுத்தாரா என்று மேற்பார்வையாளர் கேட்கும்போது பயிலுநர் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். அந்த இரண்டாவது பயணத்தில்தான் அடுத்த நோயாளி கண்டுபிடிக்கப்படுகிறார். நல்ல மேற்பார்வையாளர் விடையைத் தாமே சொல்லிவிடுவதில்லை. முடிந்தால் கூடவே போவார்.

உள்நாட்டுப் போர் இந்த அறிவித்தல், விசாரணைச் சங்கிலியைக் கிளிநொச்சி உள்ளிட்ட வன்னியில் அறுத்தது. 2008இல் அக்கராயன் மக்கள் முழுவதுமாக இடம்பெயர்ந்தனர். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் 2.5 இலட்சத்துக்கும் அதிகமானோர் அடைபட்டிருந்தபோது செங்கமாரியும் கொப்புளிப்பானும் பரவின. முகவரியும் ஊர்ப் பதிவேடும் பயன்படாத இடத்தில் நோய்க் கண்காணிப்பை முதலிலிருந்து கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. மீள்குடியேற்றத்தின் பின் பரிசோதகர் வெற்றிடங்கள் நிரம்பும்வரை, ஊரை அறிந்த பழைய ஊழியர்களே புதிய வைத்தியர்களுக்கு வழிகாட்டிகளாக இருந்தனர். பட்டமும் பதவியும் குறைந்தவர் கூடியவருக்குக் கற்பிக்கும் இந்த நிலைக்குப் பயிற்சிக் கையேடுகள் போதிய இடம் தருவதில்லை, தந்தாக வேண்டும்.

மலேரியாவைப் பொறுத்தவரை பழைய ஊழியர்களிடமிருந்து கற்பது அவசரமான தேவை. உள்நாட்டுத் தொடர் பரவலில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. அதே ஆண்டு டிசம்பரில், நகரக் கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகக்கூடிய அனோபிலிஸ் ஸ்டெஃபென்சி என்ற மலேரியா நுளம்பு மன்னாரில் கண்டறியப்பட்டது. இன்றைய பயிலுநர்களிற் பலர் மலேரியா நோயாளியை நேரில் கண்டதே இல்லை. வன்னியில் ஒரு காலத்தில் காய்ச்சல் என்றாலே இரத்தப்பூச்சு எடுத்த வெளிக்கள ஊழியர்கள் ஓய்வு பெற்று வருகின்றனர். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர் காய்ச்சலோடு வந்தால், அவர் எங்கே போய் வந்தார் என்று முதலில் கேட்கும் பழக்கத்தை அவர்களிடமிருந்து இப்போதே பெற்றுக்கொள்ள வேண்டியுள்ளது.