கல்லில் பொறித்த கையறுநிலை

புறத்திணைத் துறைகளுள் கற்போர் நெஞ்சை மிகவும் உருக்குவது கையறுநிலை. பாரியை இழந்த கபிலரும் அதியமானை இழந்த ஔவையாரும் பாடிய பாடல்கள் அத்துறைக்கு அணிகளாய் விளங்குகின்றன. புரவலனை இழந்த புலவர் பாடுவதே அங்குப் பெருவழக்கு. அவ்வழக்கு இடம் மாறி, அரசர் ஒருவர் தம் ஆசானுக்கு இரங்கற்பா இயற்றிக் கல்லில் பொறித்த நிகழ்ச்சியொன்று தஞ்சையில் நடந்ததுண்டு. பாடியவர் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி. பாடப்பெற்றவர் கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் என்னும் செருமானியத் திருத்தொண்டர். பாடலின் மொழியோ ஆங்கிலம். துயருற்றோரைத் தேற்றுவது எங்ஙனம் என்பதற்கு அந்நிகழ்ச்சி இன்றும் ஒரு பாடமாக நிற்கின்றது.

1726ஆம் ஆண்டு பிரசிய நாட்டில் பிறந்த சுவார்ட்ஸ் 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். தமிழ் கற்று, திருச்சிராப்பள்ளியிலும் பின்னர்த் தஞ்சையிலும் தங்கிப் பணிபுரிந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை; தாயகம் திரும்பவுமில்லை. ஐதர் அலியின் படையெடுப்பால் 1780களின் தொடக்கத்தில் தஞ்சைச் சீமையில் பஞ்சம் தலைவிரித்தாடியது. விலை சொன்னால் கிடைக்கும் என்ற நம்பிக்கையை இழந்த உழவர்கள், கோட்டைக்குத் தானியம் கொண்டுவர மறுத்தனர். அப்போது சுவார்ட்ஸ் தாமே பிணை நின்று, உரிய பணம் கிடைக்குமென உறுதி கூறினார். அவர் சொல்லை நம்பி மாடுகளும் தானியமும் வந்தன. பசித்தவர்க்குச் சோறிட்ட கை அது என்பதைத் தஞ்சை மக்கள் மறக்கவில்லை.

1787இல் மன்னர் துளசா உயிர் துறக்குங்கால், தாம் தத்தெடுத்த பத்து வயதுச் சிறுவன் சரபோசியைச் சுவார்ட்ஸிடம் ஒப்படைத்தார். அமர்சிங் ஆட்சிக்கு வந்தபின் கல்வியும் கவனிப்புமின்றி அடைபட்டுக் கிடந்த அச்சிறுவனுக்காகச் சுவார்ட்ஸ் கும்பினி அதிகாரிகளிடம் இடைவிடாது மன்றாடினார். அதன் பயனாக 1793இல் சரபோசி பாதுகாப்பாகச் சென்னைக்கு அனுப்பப்பெற்றார். தந்தையை இழந்த பிள்ளைக்கு அத்தொண்டர் அளித்த ஆறுதல், சொல்லைவிடச் செயலாகவே அமைந்தது எனலாம்.

1798 பிப்ரவரி 13ஆம் நாள் சுவார்ட்ஸ் மறைந்தார். மறுநாள் அடக்கம். உடலைக் கோயிலுக்கு எடுத்துச் செல்லும்போது ஞானப்பாட்டுப் பாடுவதென உடன் ஊழியர்கள் முடிவு செய்திருந்தனர். செருமானியப் பாட்டுகளைத் தமிழாக்கி அந்நாட்டு மெட்டிலேயே பாடும் வழக்கம் மிஷன் சபைகளில் வேரூன்றியிருந்த காலம் அது. சாவுக்குப் பின்னும் வாழ்வுண்டு என்னும் நம்பிக்கையை நினைவூட்டி, அழுவோரைத் தேற்றுவதே அப்பாட்டின் நோக்கம். ஆனால் பாட இயலவில்லை. தோட்டத்தில் திரண்டிருந்த ஏழை எளியோரின் கதறல் பாட்டுக்கு இடந்தரவில்லை என்று அங்கிருந்த மிஷனரி ஒருவர் எழுதிவைத்துள்ளார். பெட்டியை மூடுமுன் இருபது வயது சரபோசி வந்தார். உடலின்மீது கண்ணீர் சொரிந்தார். கல்லறை வரையில் உடன் நடந்தார். அவர் அரியணை ஏற அப்போது இன்னும் நான்கு திங்களுக்கு மேல் இருந்தது.

பாட்டு நின்றதை அவ்வழிபாட்டின் குறையெனக் கொள்வாரும் உளர். உயிர்த்தெழுதலை நம்புவோர் அழலாகாது என்பது அவர்தம் கருத்து. கிறித்தவ மறை அங்ஙனம் கூறவில்லை. பெத்தானியாவில் இலாசருவை எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தும், அவன் தமக்கையர் அழக்கண்டு இயேசு கண்ணீர் விட்டார் என்கிறது யோவானின் நற்செய்தி. தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுலும் துக்கத்தை விலக்கவில்லை. நம்பிக்கையற்ற துக்கத்தையே விலக்கினார். யோபின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் வாய்பேசாது அமர்ந்திருந்தவரையில் நல்ல துணைவராகவே இருந்தனர். அவன் துயருக்குக் காரணம் கற்பிக்கப் புகுந்தபோதுதான் அவர்கள் ஆறுதல் சுமையாயிற்று. தேற்றரவு என்பது அழுகையை அடக்குவதன்று. அழுகைக்கு அருகில் இருப்பது. அன்று தஞ்சையில் பாட்டு, கதறலுக்கு வழிவிட்டு நின்றது. அதுவே அவ்வேளைக்குத் தக்க வழிபாடாயிற்று.

பின்னர்ச் சரபோசி, மிஷன் தேவாலயத்துக் கல்லறைக் கல்லில் பொறிப்பதற்கென ஆங்கிலச் செய்யுளொன்றை இயற்றினார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் யாத்த தொடக்ககாலச் செய்யுட்களுள் வைத்து எண்ணத்தக்கது அது. யாப்பு எளியது, சொல்லலங்காரம் இல்லை. மறைந்தவரை முன்னிலைப்படுத்தி அவருடைய பண்புகளை அடுக்கிச் செல்கின்றது. ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் கைம்பெண்களுக்கும் துயருற்றோர்க்கும் அவர் யாராக விளங்கினார் என்பதே அதன் உயிர்ப்பகுதி. இறுதியில் அவரைத் தந்தையென விளித்து, அவருக்குத் தகுதியுடையவனாய்த் தான் விளங்க வேண்டுமென்னும் வேண்டுதலோடு, தன் பெயரையும் வைத்து முடிக்கின்றது. மறைந்தவர் தம் சமயத்தைச் சரபோசி தழுவவில்லை. தம் முன்னோர் நெறியிலேயே நின்றார். ஆயினும் அப்பாடலில் அயலார் துயரில்லை. மகனின் துயரே உண்டு. கபிலரும் ஔவையாரும் புரவலரின் கொடையை எண்ணிக் கலங்கினர்; சரபோசியோ ஆசானின் ஆறுதலை எண்ணிக் கலங்கினார்.

சிவகங்கைக் குளத்தருகேயுள்ள சுவார்ட்ஸ் ஆலயத்தில், சரபோசி இலண்டன் சிற்பி சான் பிளாக்சுமனைக் கொண்டு செய்வித்த சலவைக்கல் சிற்பம் உள்ளது. இறுதிப் படுக்கையில் கிடக்கும் தொண்டரின் கையைச் சரபோசி பற்றியிருக்கும் காட்சி அதில் செதுக்கப்பட்டுள்ளது. பதினோராண்டுகளுக்கு முன் துளசாவின் மரணப்படுக்கையருகே, தந்தையை இழக்கவிருந்த சிறுவனை ஏற்றுக்கொண்டவர் சுவார்ட்ஸ். இங்கோ, அச்சிறுவன் வளர்ந்து அவர் கையைப் பற்றி நிற்கின்றான். தேற்றப்பட்டவன் தேற்றுவோனாகும் அந்த மாற்றமே சுவார்ட்ஸ் விட்டுச்சென்ற சொத்து. இரங்கற்பா எழுத எழுதுகோல் எடுக்கும் கவிஞர், பாட்டுக்கு வழிவிடாத அந்தத் தோட்டத்துக் கதறலுக்கு முதலில் செவிகொடுப்பாராக. அதன்பின் பிறக்கும் சொல்லே கல்லிலும் நிற்கும், நெஞ்சிலும் நிற்கும்.