பூவாத் தாவரங்களும் பெயரில்லா வழிகாட்டிகளும்

சமையலில் மணத்திற்காக நாம் சேர்க்கும் கல்பாசி உண்மையில் பாசி மட்டும் அன்று. பூஞ்சையும் பாசியும் ஒன்றையொன்று அண்டி வாழும் கூட்டுயிர் அது. பூஞ்சை இருப்பிடமும் ஈரமும் தர, பாசி கதிரொளியால் உணவு ஆக்கித் தருகிறது. 1860களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்து அறிஞர் சைமன் ஷ்வெண்டனர் இதனை எடுத்துரைத்தபோது அறிஞர் பலர் ஏற்கவில்லை. சிறியவற்றை உற்றுநோக்குவோர் எக்காலத்தும் சிலரே. அச்சிலருள் நம் குருக்களும் இருந்தனர் என்பதை நினைவுகூர விழைகிறோம்.

தாமிரபரணி பிறக்கும் பொதிகைக் காடுகளில் நீர் சொட்டும் பாறைகளில் பாசியும், ஓடைக்கரைகளில் பெரணியும் செழிக்கின்றன. தென்னிந்தியப் பெரணிகளை ஆங்கிலேய வன அதிகாரி பெடோம் 1860களில் படங்களுடன் நூலாக்கினார். அடுத்த நூற்றாண்டில் இயேசு சபைக் குருக்களும் இத்துறையில் உழைத்தனர். பிரான்சு நாட்டுத் தந்தை ஜார்ஜ் ஃபோரோ செண்பகனூரில் தங்கிப் பழனி மலைப் பாசிகளைச் சேகரித்தார். அவரது ஆய்வுக் கட்டுரை 1961-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளிவந்தது. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் தந்தை வி. எஸ். மாணிக்கம், இருதயராஜுடன் இணைந்து மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகளைப் பற்றிய நூலை 1992-இல் வெளியிட்டார். திருநெல்வேலி மலைத் தாவரங்களைப் பற்றி அவரும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய நூல் 2008-இல் வந்தது.

இப்பணியில் பகட்டு ஏதுமில்லை. செடியை எடுத்து, செய்தித்தாள்களுக்கிடையே அழுத்தி, ஈரம் போகும்வரை தாள்களை மாற்றி, தடித்த அட்டையில் பொருத்திச் சீட்டு எழுதவேண்டும். செடியின் பெயர், இடம், உயரம், நாள், சேகரித்தவர் பெயர் ஆகியவை அதில் இருக்கும். சீட்டில்லாத செடி வெறும் சருகு. சீட்டுள்ள செடியோ, அணையோ தோட்டமோ வந்து அவ்விடம் மாறிய பின்னரும், அங்கு ஒருகாலத்தில் வாழ்ந்தது எது என்பதற்குச் சான்று பகரும்.

ஆயினும் காட்டில் வழிகாட்டியவரின் பெயருக்கு அச்சீட்டில் பொதுவாக இடமில்லை. பொதிகையின் தடங்களை நன்கறிந்தோர் காணிப் பழங்குடி மக்கள். 1987-இல் அகத்தியமலையின் கேரளப் பகுதியில் ஆய்வாளருடன் வழித்துணையாகச் சென்ற காணியர், களைப்பு நீங்கத் தாம் உண்ணும் காய்களை அவர்களுக்கும் அளித்தனர். ஆரோக்கியப்பச்சை என்னும் செடியின் குணம் இவ்வாறே வெளியுலகிற்குத் தெரியவந்தது. அதிலிருந்து மருந்து செய்யும் உரிமத்தை 1990களில் ஒரு நிறுவனத்திற்கு அளித்த கேரள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம், கிடைத்த தொகையில் பாதியைக் காணி மக்களுக்கு ஒதுக்கியது. அறிவைத் தந்தவருக்கும் பங்குண்டு என்னும் நீதி அங்கு ஓரளவேனும் செயலாயிற்று.

தொடக்கநூலில் மனிதன் உயிரினங்களுக்குப் பெயரிடுகிறான். பெயரிட்டவன் அவற்றைப் பேணவும் கடமைப்பட்டவன். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல், பூஞ்சையும் பாசியும் புழுவும் படைப்பின் ஒழுங்கிற்குத் தேவை என்கிறது. அதே மடல், பூர்வகுடி மக்களுக்குத் தனிக் கவனம் தரவேண்டும் என்றும் கூறுகிறது. ஒன்றை ஏற்று மற்றொன்றை விடுதல் நமக்குத் தகாது.

களக்காடு, முண்டந்துறைக் காடுகள் 1988 முதல் புலிகள் காப்பகமாக உள்ளன. அனுமதியின்றி அங்கு ஓர் இலையும் பறித்தலாகாது. எனினும் நம் ஊர்களிலேயே மூலிகை அறிந்த முதியோர் பலர் உள்ளனர். அவர்கள் சொல்வதை எழுதி வைப்போம். செடியின் பெயருக்குக் கீழே சொன்னவர் பெயரையும், ஊரையும், நாளையும் தவறாமல் குறிப்போம்.