கல்லைச் சுமக்கும் ஆறுகள்: சுவிட்சர்லாந்து ஆல்ப்ஸில் ஆற்றுத் திருத்தத்தின் வரலாறு

ரைன், ரோன், ஆரே, இன், டிச்சினோ ஆகிய ஆறுகள் சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலைகளில் பிறந்து, வட கடல், மத்தியதரைக் கடல், கருங்கடல், அட்ரியாட்டிக் கடல் ஆகியவற்றை நோக்கிப் பிரிந்து செல்கின்றன. கோடையில் பனியும் பனிப்பாறையும் உருகும்போதும், இலையுதிர் காலத்தில் தெற்கிலிருந்து வரும் மேகங்கள் மலைமுகட்டில் மோதிப் பொழியும்போதும் இவை பெருக்கெடுக்கின்றன. அவ்வாறு பெருகும் நீர், அடித்தளத்தில் கல்லையும் சரளையையும் மணலையும் உருட்டியும் இழுத்தும் கொண்டுவருகிறது. இதனை ஆற்றியலார் படுகைச் சுமை என்பர். செங்குத்தான சரிவில் அச்சுமையைத் தாங்கும் வேகம் நீருக்கு உண்டு. பள்ளத்தாக்கின் சமதளத்தை அடைந்ததும் வேகம் தணிந்து, கற்கள் படிந்து, படுகை சுற்றியுள்ள வயல்களைவிட உயர்ந்துவிட, ஆறு தன் பழைய தடத்தை விட்டு விலகி நிலத்தைச் சதுப்பாக்கிவிடுகிறது.

இத்தகைய ஆறுகளை நேராக்கி, குறுக்கி, கரைகட்டி, சில இடங்களில் தடம் மாற்றிவிடும் பணி, சுவிட்சர்லாந்தில் ஆற்றுத் திருத்தம் எனப்பட்டது. அதன் மூன்று நூற்றாண்டு வரலாறு பெரும்பாலும் வெள்ளத்தை அடக்கிய வரலாறாகவே சொல்லப்பட்டு வந்துள்ளது. ஆயினும் அதன் ஒவ்வொரு கட்டத்தையும் தீர்மானித்தது, மலை அனுப்பும் கல்லுக்கு எங்கே இடம் தருவது என்ற கேள்வியே என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

ஏரியில் கல்லைச் சேர்த்தல்: காண்டரும் லிந்தும்

பெர்ன் மாநிலத்தின் காண்டர் ஆறு, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தூண் ஏரிக்குள் நுழையாமல் அதன் அருகாகச் சென்று, தூண் நகருக்குக் கீழே ஆரே ஆற்றில் கலந்தது. அது கொண்டுவந்த கற்கள் ஆரேயின் ஓட்டத்தை மறித்ததால் சுற்றியிருந்த ஊர்கள் அடிக்கடி நீரில் மூழ்கின. ஏரிக்கும் ஆற்றுக்கும் இடையே நின்ற ஸ்ட்ரெட்லிகன் குன்றைக் குடைந்து காண்டரை ஏரிக்குள் திருப்பும் பணியை பெர்ன் அரசு 1711இல் தொடங்கியது. குன்றின் ஊடே அமைக்கப்பட்ட சுரங்கவழியில் நீர் பாய்ந்ததும், குறுகிய தொலைவில் பெரும் இறக்கம் கிடைத்த ஆறு எதிர்பாராத வேகத்துடன் அடித்தளத்தை அரித்தது. 1714இல் சுரங்கத்தின் கூரை இடிந்து விழ, அவ்விடம் ஆழமான திறந்த பள்ளமாக மாறியது. ஏரிக்கு நீர் தரும் நிலப்பரப்பு ஏறக்குறைய இருமடங்காகியும், ஏரியின் வெளிப்போக்கு பழைய அளவிலேயே இருந்ததால், கல்லின் தொல்லை நீங்கிய அதே வேளையில் வெள்ளத்தின் தொல்லை தூண் நகரின் தலையில் விடிந்தது. 1999, 2005 ஆகிய ஆண்டுகளின் வெள்ளங்களுக்குப் பின், ஏரியின் மிகுதி நீரை வெளியேற்றும் தனிச் சுரங்கம் ஒன்று 2009இல் திறக்கப்பட்டது என்பது, 1711இன் முடிவு எவ்வளவு நீண்ட காலத்துக்கு விளைவு தந்தது என்பதைக் காட்டும்.

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பின் நிகழ்ந்த லிந்த் ஆற்றுத் திருத்தம், இதே வழியை முழுமையான ஏற்பாட்டோடு பின்பற்றியது. க்ளாருஸ் பள்ளத்தாக்கிலிருந்து வந்த லிந்த், வாலன் ஏரியிலிருந்து வெளியேறும் மாக் ஆற்றோடு சீகல்புரூக்கெ அருகே கலந்தது. அது குவித்த சரளை ஏரியின் வடிகாலை அடைத்ததால் ஏரியின் மட்டம் உயர்ந்து, வேசன், வாலன்ஸ்டாட் ஆகிய ஊர்களின் தெருக்களில் நீர் நின்றது. சமவெளி சதுப்பாகி மலேரியாக் காய்ச்சல் பரவியது. சுவிஸ் மாநிலங்களின் பொது மன்றம் 1804இல் திருத்தத்துக்கு ஒப்புதல் அளிக்க, பங்குகள் விற்றுத் திரட்டிய நிதியைக் கொண்டு 1807இல் பணி தொடங்கியது. பாடன் நாட்டுப் பொறியாளர் யோஹன் காட்ஃப்ரீட் துல்லா தொழில்நுட்பத் திட்டத்துக்குத் துணைநின்றார். சூரிச் நகரத்து வணிகரும் நிலவியல் ஆர்வலருமான ஹான்ஸ் கொன்ராட் எஷர் 1823இல் இறக்கும்வரை பணியை முன்னின்று நடத்தினார். 1811இல் லிந்த் புதிய கால்வாய் வழியே வாலன் ஏரிக்குள் திருப்பப்பட்டது. ஏரியிலிருந்து சூரிச் ஏரிக்கு நீரைக் கொண்டுசெல்லும் இரண்டாம் கால்வாய் 1816இல் திறக்கப்பட்டது. காண்டர் திட்டத்தில் விடுபட்டிருந்த வெளிப்போக்கு, இங்கே தொடக்கத்திலேயே திட்டத்தின் பாதியாக இடம்பெற்றதால், ஏரியின் மட்டம் 5 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து சதுப்பு விளைநிலமாயிற்று.

ஆற்றைக் குறுக்கிக் கல்லைத் தள்ளுதல்: ரோனும் ரைனும்

அருகில் ஏரி இல்லாத நீண்ட பள்ளத்தாக்குகளில் இவ்வழி பயன்படவில்லை. வாலே மாநிலத்தில் ரோன் ஆறு ஜெனீவா ஏரியை அடையும் முன் நெடுந்தொலைவு சமவெளியில் ஓடுகிறது. 1860இன் பெருவெள்ளத்துக்குப் பின், 1863 முதல் 1894 வரை நடந்த முதல் திருத்தத்தில், இருபுறமும் இணையான கரைகள் எழுப்பப்பட்டு, கரையிலிருந்து ஆற்றுக்குள் நீட்டிய கல் தடுப்புகளால் ஓட்டம் நடுவே குவிக்கப்பட்டது. குறுகிய தடத்தில் ஆழமும் வேகமும் கூடும்போது நீர் தன் சுமையைத் தானே இழுத்துச் செல்லும் என்பதே இதன் அடிப்படைக் கருத்து. ஆனால் பக்கவாட்டுக் காட்டாறுகள் கொட்டிய கல்லின் அளவு அந்த ஆற்றலை விஞ்சியதால் படுகை மீண்டும் உயர, 1930 முதல் 1960 வரை இரண்டாம் திருத்தம் தேவைப்பட்டது.

ரைன் ஆற்றின் மேற்பகுதியில் இதே கருத்து நாடுகளின் எல்லையைக் கடந்து செயல்பட்டது. சுவிட்சர்லாந்தும் ஆஸ்திரியாவும் 1892இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, ஆற்றின் வளைவுகளை வெட்டிக் குறுக்குவழி அமைக்கும் பணிகள் ஃபுஸ்ஸாக்கில் 1900இலும், டீபோல்ட்ஸாவில் 1923இலும் நிறைவுற்றன. ஆற்றுமுகத்தில் படிந்த வண்டல் கொன்ஸ்டான்ஸ் ஏரியின் கரையோர விரிகுடாக்களைத் தூர்த்துவிடாதிருக்க, பிற்காலத்தில் கரைகள் ஏரிக்குள்ளேயே நீட்டப்பட்டு, வண்டல் ஆழ்நீருக்கு அனுப்பப்பட்டது. உயர்ந்துவந்த படுகையைத் தாழ்த்தச் சரளை அள்ளும் வழக்கமும் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவியது. அளவு மீறி அள்ளியதால் படுகை தாழ்ந்து, அடித்தளம் அரிக்கப்பட்ட நிலையில், புக்ஸுக்கும் லீக்டன்ஸ்டைனின் ஷானுக்கும் இடையிலான பாலம் 1970இல் இடிந்து விழுந்தது. கல் மிகுந்தால் மட்டுமன்றிக் குறைந்தாலும் ஆறு கேடு செய்யும் என்பது இதனால் கண்கூடாயிற்று.

மலைச்சரிவில் கல்லைத் தடுத்தல்: காடும் சட்டமும்

கல்லை அது கிளம்பும் இடத்திலேயே நிறுத்தும் மூன்றாம் வழி, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவானது. கூட்டாட்சி அரசின் பணிப்பின்பேரில் வனவியலாளர் எலியாஸ் லாண்டோல்ட் மலைக்காடுகளையும், சூரிச் பொறியியல் கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் கார்ல் குல்மன் காட்டாறுகளையும் ஆராய்ந்து அளித்த அறிக்கைகள் 1860களின் முற்பாதியில் வெளிவந்தன. மரம் வெட்டுதலும் கட்டற்ற மேய்ச்சலும் சரிவின் மண்ணைத் தளர்த்திவிடுகின்றன என்பது அவ்வறிக்கைகளின் வாதம். 1868ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் டிச்சினோ, கிரௌபுண்டன், சாங்க்ட் காலன், ஊரி, வாலே ஆகிய மாநிலங்களைத் தாக்கிய வெள்ளம், இவ்வாதத்துக்கு அரசியல் வலுவூட்டியது. 1874ஆம் ஆண்டின் அரசியலமைப்பு மலைப்பகுதியின் நீரையும் காட்டையும் கூட்டாட்சி அரசின் மேற்பார்வைக்குள் கொணர்ந்தது. 1876இல் வனச் சட்டமும், 1877இல் ஆற்றுப் பணிகளுக்கான சட்டமும் இயற்றப்பட்டன. காட்டாறுகளின் குறுக்கே படிப்படியாகத் தடுப்பணைகள் எழுந்தன. சரிவுகளில் மரங்கள் நடப்பட்டன. அவ்வெள்ளத்துக்குக் காடழிப்பைவிட அசாதாரணமான மழையே முதற்காரணம் எனப் பிற்கால ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். எனினும், ஆற்றின் நலம் அதன் கரையில் மட்டுமன்றி, அது பிறக்கும் சரிவிலும் பேணப்பட வேண்டும் என்னும் கோட்பாடு இச்சட்டங்களால் நிலைபெற்றது.

20ஆம் நூற்றாண்டின் நீர்மின் அணைகள் இந்தத் தடுப்பைத் தாம் நோக்கமாகக் கொள்ளாமலேயே பெருக்கின. 1961இல் நிறைவுற்ற 285 மீட்டர் உயரமுள்ள கிராண்ட் டிக்சன்ஸ் போன்ற அணைகளுக்குப் பின்னால், மலையின் நீரோடு அதன் வண்டலும் தேங்கியது.

ஆற்றுக்கே இடம் தருதல்

1987 ஆகஸ்டில் ரொய்ஸ் ஆறு ஊரி மாநிலத்தில் கரையை உடைத்துச் சாலையையும் இருப்புப்பாதையையும் சிதைத்த நிகழ்வு, கரைகளின் மீதான நம்பிக்கையை அசைத்தது. 1991இல் இயற்றப்பட்ட நீர்ப்பொறியியல் சட்டம், கட்டுமானத்துக்கு முன்பாக ஆற்றின் பராமரிப்பையும் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடலையும் வைத்தது. எங்ஙடீன் பள்ளத்தாக்கில் சமேடான் ஊரைக் காக்க, ஃப்ளாட்ஸ் ஆறு 2002–2004இல் ஊருக்கு வெளியே அகலமான புதிய தடத்துக்கு மாற்றப்பட்டது. 2011இல் நடைமுறைக்கு வந்த நீர்ப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம், ஆறுகளுக்கு உரிய இடத்தை மாநிலங்கள் வரையறுக்க வேண்டுமெனப் பணித்து, ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் நீள ஆறுகளையும் ஓடைகளையும் 80 ஆண்டுகளில் மீட்டெடுப்பதை இலக்காக வைத்தது. ரோனின் மூன்றாம் திருத்தம் ஆற்றை அகலப்படுத்துவதையே மையமாகக் கொண்டுள்ளது. அதன் நிதியை வாலே மக்கள் 2015இல் வாக்களித்து ஏற்றனர். ரைனின் மேற்பகுதியிலும், நொடிக்கு 3,100 கன மீட்டராக உள்ள கொள்ளளவை 4,300 கன மீட்டராக உயர்த்த, கரைகளுக்கு இடையிலான படுகையை விரிவாக்கும் உடன்படிக்கையில் இரு நாடுகளும் 2024இல் கையெழுத்திட்டன.

முடிவுரை

ஏரியில் சேர்த்தல், குறுக்கித் தள்ளுதல், சரிவில் தடுத்தல், இடம் தருதல் என்னும் நான்கு வழிகளும் ஒன்றையொன்று முற்றிலும் நீக்கிவிடவில்லை. லிந்த் கால்வாய்களும் காட்டாற்றுத் தடுப்பணைகளும் இன்றும் பணி செய்கின்றன. மாறியது ஆற்றைப் பற்றிய வரையறையே. நீர் ஓடும் தடமாக மட்டும் கருதப்பட்ட ஆறு, மலையின் சிதைவைச் சமவெளிக்குக் கொண்டுசேர்க்கும் இயக்கமாக உணரப்பட்டபோதுதான், சமநிலை என்பது நீரின் அளவோடு கல்லின் அளவையும் சேர்த்தே கணக்கிடப்பட வேண்டியது என்னும் தெளிவு பிறந்தது. வெப்பமயமாதலால் பனிப்பாறைகள் பின்வாங்கி, அவை மூடியிருந்த தளர்ந்த கற்குவியல்கள் வெளிப்பட்டுவரும் இக்காலத்தில், அத்தெளிவை நிலப் பயன்பாட்டின் சட்டமாகவும் வழக்கமாகவும் ஆக்குவது ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளின் தலையாய கடமையாகும்.