சங்கிலியின் மேல் ஒரு வினை: பலபடி ஆய்வில் எது சான்று?

பலபடி வேதியியல் பாடநூல்கள் தொகுப்பு முறைகளை ஓர் இயலிலும் பண்பறியும் முறைகளை இன்னோர் இயலிலும் வைக்கின்றன. ஆய்வேடுகளும் அதே வரிசையில்தான் வருகின்றன: முதலில் செய்தது, பிறகு கருவி சொன்னது. வகுப்பறைக்கு இது வசதியான ஏற்பாடு. ஆனால் செய்முறை வேதியியலாளருடையது, தீர்ப்பு கருவியுடையது என்ற எண்ணத்தை இது வளர்த்துவிடுகிறது. துறையின் வரலாறு அப்படி இல்லை. பலபடி என்றால் என்ன என்பதை முடிவு செய்த சோதனைகளில் முதன்மையானவை, சங்கிலியின் மேலேயே நிகழ்த்தப்பட்ட வினைகள். கருவிகள் தரும் எண்கள் பல நேரங்களில் அவ்வினைகளிடமிருந்தே பொருள் பெறுகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஒரு கணக்கு. மூலக்கூறு நிறை 1,00,000 கொண்ட பலபடியில் 10 கிராமை ஒரு கிலோ பென்சீனில் கரைத்தால் உறைநிலை சுமார் 0.0005 டிகிரிதான் தாழும். அதே கரைசலில் 1.8 மில்லிகிராம் நீர் கலந்திருந்தாலும் தாழ்வு அவ்வளவே. அதாவது, சரியாக உலர்த்தாத ஒரு குடுவை, பத்து கிராம் பலபடிக்குச் சமமான பொய்ச் சைகையைத் தந்துவிடும். நிறையைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்கும் செல்லுலோசுக்கும் பேரெண்கள் கிடைத்தபோது அவற்றை நம்பாமல் ஒதுக்கியவர்களை அறிவிலிகள் என்று சொல்லிவிட முடியாது. சவ்வூடு பரவல் அழுத்தம் இதைவிட நல்ல சாட்சி. அதே கரைசல் அறை வெப்பநிலையில் நீர்க் கம்பமாக இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் உயரத்தைத் தரும். அது கண்ணால் காணத்தக்க அளவு. சிறு மாசுகள் சவ்வைத் தாண்டிச் சமநிலை அடைந்துவிடுவதால் அவை குறுக்கிடுவதும் இல்லை.

ஆயினும் நிறையை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் ஒரு கேள்வி எஞ்சியது. அளக்கப்பட்ட துகள் ஒரே மூலக்கூறா, அல்லது சிறு மூலக்கூறுகள் வலுவற்ற விசையால் ஒட்டிய கூழ்மத் திரளா? ரப்பர் என்பது இரண்டு ஐசோப்ரீன் அலகுகளாலான எட்டுறுப்பு வளையங்கள் தம் இரட்டைப் பிணைப்புகளின் விசையால் ஒட்டிய திரள் என்று வேதியியலாளர் ஹாரிஸ் கருதினார். ஸ்வெட்பெர்கின் மீவேக மையவிலக்கி துகளின் நிறையைச் சொல்லும். அத்துகளின் உள்ளே எந்த வகைப் பிணைப்பு இருக்கிறது என்பது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1922இல் எடுத்துக்கொண்ட வழி வேறு. ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளை ஹைட்ரஜனேற்றம் செய்தார். திரள் கோட்பாடு சரியென்றால், இரட்டைப் பிணைப்புகளோடு ஒட்டும் விசையும் போய், வாலையில் வடிக்கத்தக்க சிறு ஹைட்ரோகார்பன் மிஞ்சியிருக்க வேண்டும். மிஞ்சியதோ, வடிக்க முடியாத, கரைசலில் கூழ்மமாகவே நடந்துகொண்ட பொருள். பின்னாளில் அவர் செல்லுலோசு போன்றவற்றை அவற்றின் வழிப்பொருள்களாக மாற்றி, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் சங்கிலியின் அலகு எண்ணிக்கை மாறாததைக் காட்டியதும் இதே தருக்கம்தான். பக்கத் தொகுதிகள் அடியோடு மாறியபின்னும் நீளம் மாறவில்லை என்றால், அதைக் காப்பது சகப்பிணைப்பாகத்தான் இருக்க முடியும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பாகுநிலைக்கும் மூலக்கூறு நிறைக்கும் நேர்விகித உறவு இருப்பதாக ஸ்டாடிங்கர் கொண்ட விதி பொதுவாகச் சரியன்று. சங்கிலிகளை விறைத்த குச்சிகளாக அவர் எண்ணினார். வளைந்து சுருளும் சங்கிலிகளுக்கு நிறையின் அடுக்கெண் பெரும்பாலும் 0.5க்கும் 0.8க்கும் இடையில் அமைகிறது. அவருடைய அளவீட்டு விதி திருத்தப்பட்டது. வினைகளைக் கொண்டு அவர் செய்த வாதம் அப்படியே நிற்கிறது.

டூபாண்டில் வாலஸ் காரோதர்ஸ் எதிர்த்திசையிலிருந்து அதே இடத்துக்கு வந்தார். இயற்கைப் பொருளைப் பிரித்துப் பார்க்காமல், ஐயத்துக்கு இடமற்ற எஸ்டர், அமைடு வினைகளால் சங்கிலியைப் படிப்படியாகக் கட்டினார். கட்டிய வினை தெரிந்திருப்பதால் கட்டமைப்பும் தெரிந்ததே. இங்கே இடையூறு கணக்கில் இருந்தது. வினை நிறைவுற்ற பின்னம் p என்றால் சராசரி அலகு எண்ணிக்கை 1/(1–p). நைலான் 6,6இல் ஓர் அலகின் சராசரி நிறை 113. வினை 98 விழுக்காடு முடிந்தால் கிடைப்பது சுமார் 5,650. 99 விழுக்காட்டில் 11,300. மற்ற வேதியியலில் பாராட்டுப் பெறும் 95 விழுக்காடு இங்கே வெறும் 20 அலகுகளைத்தான் தரும். ஆகவே 1930இல் ஜூலியன் ஹில் மூலக்கூறு வாலையைக் கொண்டு கடைசித் துளி நீரையும் வெளியேற்றி, இழையாக இழுபடும் பாலியெஸ்டரைப் பெற்றதைத் தொழில்நுட்பச் சாதனையாக மட்டும் பார்ப்பது போதாது. நீரை அகற்றினால் சங்கிலி நீளும் என்ற முன்கணிப்பு மெய்யானதால், நிகழ்வது குறுக்க வினைதான், திரளல் அன்று என்பதற்கு அது சான்றாயிற்று.

இந்தத் தருக்கம் மிகத் தெளிவாக வெளிப்பட்டது 1956இல், மைக்கேல் ஷ்வார்ஸ், லெவி, மில்கோவிச் மூவரின் ஆய்வில். டெட்ராஹைட்ரோபியூரானில் சோடியம் நாஃப்தலீன் கரைசல் கரும்பச்சை. அதில் ஸ்டைரீனைச் சேர்த்த உடனே நிறம் செந்நிறமாகிறது. ஒற்றைப்படி முழுதும் தீர்ந்த பிறகும் செந்நிறம் மறைவதில்லை. மீண்டும் ஸ்டைரீனைச் சேர்த்தார்கள். கரைசல் மேலும் தடித்தது. நிறம் அப்படியே இருந்தது. காற்றும் நீரும் புகாதவரை சங்கிலிகளின் நுனிகள் வளரும் திறனோடு காத்திருக்கின்றன என்பதற்கு வேறு கருவி எதற்கு? இதன் அளவியல் விளைவு இன்னும் பெரியது. எல்லாச் சங்கிலிகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தொடங்கி, எதுவும் சாகாமல் வளர்ந்தால், சேர்த்த ஒற்றைப்படியின் நிறையைச் சங்கிலிகளின் எண்ணிக்கையால் வகுத்தாலே போதும். 10.4 கிராம் ஸ்டைரீனுக்கு 0.002 மோல் சோடியம் நாஃப்தலீன் என்றால், இரண்டிரண்டாக இணைந்து இரு முனையிலும் வளரும் சங்கிலிகள் 0.001 மோல், மூலக்கூறு நிறை 10,400. தராசும் பியூரெட்டுமே மூலக்கூறு நிறையைச் சொல்லிவிடுகின்றன.

இன்று ஆய்வகங்களில் அன்றாடம் புழங்கும் ஜெல் ஊடுருவல் வண்ணப்பிரிகை (ஜி.பி.சி.), டவ் நிறுவனத்தின் ஜே. சி. மூர் 1964இல் வெளியிட்ட முறை. அது மூலக்கூறை எடைபோடுவதில்லை. கரைசலில் சுருளின் பருமனுக்கேற்ப முந்தியோ பிந்தியோ வெளிவரும் நேரத்தைத்தான் பதிகிறது. நேரத்தை நிறையாக மாற்ற, நிறை தெரிந்த ஒரே சீரான மாதிரிகள் வேண்டும். அவை எதிரயனிப் பலபடியாக்கலில் செய்த பாலிஸ்டைரீன்கள். ஷ்வார்ஸின் குடுவையில் தொடங்கிய வழியில் வந்தவை. ஆகவே ஜி.பி.சி. தரும் ஒவ்வொரு எண்ணுக்கும் அடியில் ஒரு தொகுப்பு வினை இருக்கிறது.

அந்த அடித்தளத்தை மறந்தால் வரும் பிழை சிறியதன்று. பாலிஸ்டைரீனில் முதுகெலும்பு அணு ஒன்றுக்குச் சராசரியாக 52 நிறை அலகுகள், பாலிகாப்ரோலாக்டோனில் 16தான். ஒரே நிறையுள்ள சங்கிலிகளில் பின்னது மிக நீளம், சுருளும் பெரிது. எனவே டெட்ராஹைட்ரோபியூரானில் பாலிஸ்டைரீன் அளவுகோலால் 20,000 என்று பதிவாகும் பாலிகாப்ரோலாக்டோனின் உண்மை நிறை, வழக்கில் உள்ள 0.56 என்ற திருத்தக் கெழுவின்படி, ஏறத்தாழ 11,000. ஸ்ட்ராஸ்பர்க்கில் பெனுவாவின் குழு 1967இல், உள்ளார்ந்த பாகுநிலையையும் நிறையையும் பெருக்கிய அளவை அச்சாகக் கொண்டால் வெவ்வேறு பலபடிகள் ஒரே வளைகோட்டில் விழுவதைக் காட்டியது. அரை நூற்றாண்டு கடந்தும் திருத்தப்படாத எண்கள் நான்கு இலக்கத் துல்லியத்தோடு அச்சாகின்றன; கரைப்பானையும் அளவுகோலையும் குறிப்பிடாத அட்டவணைகளும் அரிதல்ல.

கட்டுப்படுத்திய தனியுறுப்புப் பலபடியாக்கல் முறைகள் 1990களில் பரவியபின், கருவி தரும் எண் எதற்குச் சான்று என்ற குழப்பம் கூர்மையடைந்தது. மாற்றவீதத்துக்கு எதிராக மூலக்கூறு நிறை நேர்கோட்டில் உயர்வதைச் சங்கிலிகள் உயிரோடிருப்பதற்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அந்நேர்கோடு சொல்வது சங்கிலிகளின் எண்ணிக்கை மாறவில்லை என்பதை மட்டுமே. ஒரு பகுதி, இணைந்துகொள்ளாமல் தனித்தனியே செத்திருந்தாலும் கோடு நேராகவே போகும். ஒற்றைப்படி தீரும் வேகத்தின் மடக்கை வரைகோடு இதற்கு மறுபக்கம்: அது சாவைக் காட்டும், சங்கிலி மாற்றத்தைக் காட்டாது. சந்தேகத்துக்கு இடமளிக்காத சோதனை ஷ்வார்ஸ் செய்ததுதான். விளைந்த பலபடியை எடுத்து, புதிய ஒற்றைப்படியைக் கொடுத்து, வளர்கிறதா என்று பார்ப்பது. செத்த சங்கிலிகள் இருந்தால் ஜி.பி.சி. முகட்டின் பழைய இடத்தில் ஒரு வால் மிஞ்சும். இவ்விடத்தில் ஜி.பி.சி. மிக நல்ல சாட்சி. காரணம், ஒரே பொருளின் முன்னிலையும் பின்னிலையும் ஒப்பிடப்படுகின்றன, அளவுகோல் பற்றிய கவலை இல்லை.

ஒளிச்சிதறல் இருக்கிறதே என்று மறுப்பு எழலாம். 1940களில் டெபை வகுத்த அம்முறைக்கு நிறை தெரிந்த அளவுகோல் மாதிரிகள் தேவையில்லை. நிறையை நேரடியாகத் தருகிறது. இம்மறுப்பில் நியாயம் உண்டு, ஐயமுள்ள இடங்களில் அதைக் கட்டாயம் கேட்கவும் வேண்டும். ஆனால் அதுவும் எடைபோடுவது துகளைத்தான். நல்ல கரைப்பான் கிடைக்காமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இணையிப் பலபடிகளில், சில சங்கிலிகளின் திரளை ஒரே பெருஞ்சங்கிலியாக அது கணக்கிட்டுவிடும். வெப்பநிலையையோ கரைப்பானையோ மாற்றி மீண்டும் அளந்தாலன்றி வேறுபாடு தெரியாது.

கரையவே கரையாத குறுக்கிணைப்பு வலைகளில் இக்கருவிகள் எல்லாம் ஓய்ந்துவிடுகின்றன. ஜெல்லில் ஒரு சங்கிலி தன் இரு முனைகளையும் ஒரே சந்தியில் கட்டிக்கொண்டால் அக்கண்ணி மீள்விசைக்குப் பயன்படாது. எத்தனை கண்ணிகள் அப்படி வீணாயின என்பதை நீண்ட காலம் கோட்பாட்டால் மதிப்பிடவே முடிந்தது. எம்.ஐ.டி.யில் ஜெரமையா ஜான்சனின் குழு வெளியிட்ட வழி, விடையைத் தொகுப்பின்போதே உள்ளே வைத்துவிடுவது. நீராற்பகுப்பில் அறுபடும் எஸ்டர் பிணைப்பைச் சங்கிலியில் குறிப்பிட்ட இடத்தில் பதித்து, ஐசோடோப்பால் அடையாளமிட்டதையும் இடாததையும் கலந்து வலையைக் கட்டினார்கள். பிறகு வலையை வேண்டுமென்றே அறுத்து, கிடைத்த துண்டுகளின் விகிதத்தை நிறைமாலைமானியில் படித்தார்கள். அந்த விகிதத்திலிருந்து வீணான கண்ணிகளின் பங்கு நேரடியாகக் கிடைத்தது.