பெட்டி பிறகுதான் வந்தது

மூடியில்லாத ஓர் அலுமினியச் சட்டகம், அதன் மேல் மல்லாந்து கிடக்கும் மதர்போர்டு, கீழ்த்தட்டில் பவர் சப்ளை. டெஸ்ட் பெஞ்ச் என்று ஹார்டுவேர் வேலை செய்கிறவர்கள் சொல்லும் இந்த அமைப்பைப் புதிதாகப் பார்ப்பவர்கள் பாதியில் நின்றுபோன வேலை என்றே நினைப்பார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் திறந்த நிலையில்தான் பிறந்தது. பெட்டி பிறகு வந்தது, அதுவும் கம்ப்யூட்டருக்காக வந்ததைவிட அதைச் சுற்றியிருந்தவர்களுக்காக வந்தது என்பதே என் வாதம்.

1948 ஜூன் 21 அன்று மான்செஸ்டரில் தன் நினைவகத்தில் வைத்த நிரலை முதன்முதலாக ஓட்டிய ‘பேபி’ இயந்திரம், தபால் துறைக்குச் செய்யப்பட்ட வகையைச் சேர்ந்த திறந்த ராக்குகளில்தான் நின்றது. வால்வுகளும் கம்பிகளும் கைக்கு எட்டும்படி இருந்தால்தான் நாள்தோறும் மாற்றிப் பார்க்க முடியும். 1976-இல் எம்.ஓ.எஸ். டெக்னாலஜி 245 டாலருக்கு விற்ற கிம்-1, கீபேடும் ஆறு இலக்கத் திரையும் பதித்த வெறும் பலகை. அதே ஆண்டு 666.66 டாலருக்கு வந்த ஆப்பிள்-1-உம் பலகை மட்டுமே. கீபோர்டு, டிரான்ஸ்ஃபார்மர், பெட்டி எல்லாம் வாங்கியவர் பொறுப்பு. 1975-இன் ஆல்டேர் 8800 பெட்டியோடுதானே வந்தது என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டியின் முக்கிய வேலை, முன்பக்க ஸ்விட்சுகளையும் விளக்குகளையும் தாங்குவதும் கார்டுகளை வரிசையாக நிறுத்துவதும். நினைவகம் சேர்க்க வேண்டுமானால் மூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

மூடி நிரந்தரமானதற்கு ஒரு பெரிய காரணம் ரேடியோ அலை. வேகமாகத் துடிக்கும் டிஜிட்டல் சுற்று பக்கத்திலுள்ள டி.வி.யில் கோடு கோடாக இரைச்சலை ஏற்றும். 1979-இல் வந்த அட்டாரி 800-ஐப் பிரித்தால் பிளாஸ்டிக் உறைக்குள் கனத்த வார்ப்பு அலுமினியக் கவசம் தெரியும், டி.வி.யோடு இணைக்கும் கருவிகளுக்கு அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. விதித்திருந்த கண்டிப்பான வரம்புகளின் விளைவு அது. அதே ஆண்டு கம்ப்யூட்டர்களுக்கென்றே எஃப்.சி.சி. தனி விதிகள் வகுத்தது. தூசி, குழந்தைகளின் விரல், கடை அலமாரியின் அழகு எல்லாம் அதோடு சேர்ந்துகொண்டன. இவையெல்லாம் வீட்டுக்கு நியாயமான காரணங்கள். பெஞ்சை வரவேற்பறையில் வைக்கச் சொல்லி யாரும் வாதாடவில்லை. பாகத்தை மாற்றி மாற்றிச் சோதிக்கிறவருக்குத்தான் அது வேண்டும்.

பெஞ்ச் இன்றைய கச்சிதமான வடிவத்தை எடுக்க வழி செய்தது, இன்டெல் 1995-இல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். தரம். 305-க்கு 244 மில்லிமீட்டர் பலகை, திருகுத் துளைகளுக்கு நிலையான இடங்கள் என்று ஆனபின், ஒரே சட்டகத்தில் எந்த நிறுவனத்தின் பலகையும் உட்கார்ந்தது. அதைவிட முக்கியம் பவர் ஸ்விட்ச். அதற்கு முந்தைய ஏ.டி. தரப் பெட்டிகள் பலவற்றில் வீட்டு மின்சாரமே தடித்த கேபிள் வழியாக முன்பக்க ஸ்விட்ச் வரை வந்தது; அதைத் திறந்த மேசையில் விட்டுவைப்பது உயிரோடு விளையாடுவது. ஏ.டி.எக்ஸ்.-இல் அந்த வேலை பலகையில் உள்ள இரண்டு சிறு பின்களுக்கு வந்தது. ஸ்குரூடிரைவர் நுனியால் இரண்டையும் ஒரு நொடி தொட்டாலே கம்ப்யூட்டர் உயிர்பெறும். பவர் சப்ளையின் உறை மூடியிருக்கும் வரை, வெளியே தெரிவது குறைந்த வோல்டேஜ் மட்டுமே.

பிறகு வேகப் பித்து வந்தது. 1998-இன் செலரான் 300ஏ சிப்பின் பஸ் வேகத்தை 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடும் என்று தெரிந்ததும், கூலரையும் ராமையும் அடிக்கடி மாற்றுகிறவர்கள் பெருகினார்கள். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனைக் கிண்ணத்தில் ஊற்றுகிறவருக்குப் பெட்டியின் சுவர் தடங்கல். அப்படிப்பட்டவர்கள் முன்னெடுத்த ‘ஓப்பன் பெஞ்ச்டேபிள்’ திட்டத்திலிருந்துதான் ஸ்ட்ரீகாம் நிறுவனத்தின் பி.சி.1 பெஞ்ச் பிறந்தது, பிரித்தால் பையில் போகும் அலுமினியத் தட்டு அது. மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டி போதாதா என்பார்கள். பூட் ஆகிறதா என்று பார்க்கப் போதும். ஆனால் ஒரு கிலோவைத் தாண்டும் இன்றைய கிராபிக்ஸ் கார்டின் பின்தகட்டைத் திருகிப் பிடிக்க அட்டையில் இடமில்லை. பாரம் முழுவதும் ஸ்லாட்டின் மேல் விழும்.

பெஞ்சில் எடுத்த வெப்ப அளவு மூடிய பெட்டிக்குப் பொருந்தாது என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். பொருந்தாதுதான். கேபினட் ஃபேன் இல்லாததால் சில பாகங்கள் இங்கே கூடுதலாகவே சூடாகும். ஆனால் இரண்டு கூலர்களை ஒப்பிடும்போது பெட்டியின் காற்றோட்டம் கணக்கில் கலந்தால், வித்தியாசம் கூலருடையதா பெட்டியுடையதா என்று பிரிக்க வழியில்லை. பெட்டிக்குள் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. அதைப் பெட்டிக்குள் வைத்தே தனியாக அளக்க வேண்டும்.