ஆவுளியா: தஞ்சைக் கடலின் பனிக்கரடி

தஞ்சாவூர் என்றால் நெல்லும் காவிரியும்தான் நினைவுக்கு வரும். மாவட்டத்துக்குக் கடற்கரை இருப்பதே பலருக்குத் தெரியாது. மனோரா, அதிராம்பட்டினம் பக்கம் பாக் நீரிணையில் கடற்புல் மேயும் கடற்பசுவை மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதை முதல் அட்டவணையில் சேர்த்தது. ஆனாலும் இறைச்சிக்காகப் பிடிப்பது நிற்கவில்லை. பனிக்கரடிக்குக் கிடைத்த போஸ்டரும் டிவி படமும் ஆவுளியாவுக்கு ஏது? (உலகப் பட்டியலில் இரண்டுமே 'அழிவாய்ப்பு இனம்' என்ற ஒரே வகைதான்!) வலையில் சிக்கிய ஆவுளியாவை மீனவர்கள் உயிரோடு கடலில் விட்டதும், அதற்கு வனத்துறை பரிசு கொடுத்ததும் பிற்பாடுதான் செய்தியாயின. வலை கிழிந்தால் நஷ்டம் மீனவருக்குத்தானே. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் இந்தியாவின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. சட்டம் வந்து அப்போது சரியாக 50 வருடம்.