ஏடுகளும் வன்தட்டுகளும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் ஆவணங் காத்தல்

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறு அதன் சான்றுகள் எஞ்சிய அளவுக்கே எழுதப்படும். ஓலையேடுகளையும் வாய்மொழி மரபினையும் பெரிதும் துணைக்கொண்டு வரலாறு எழுதப்பட்ட மட்டக்களப்புப் பகுதிக்கு இவ்வுண்மை மிகவும் பொருந்தும். ஓலை தாளாயிற்று, தாள் அச்சாயிற்று, இன்று அச்சும் ஒலியும் ஒளியும் கணினியின் வன்தட்டுகளைச் சென்றடைந்துள்ளன. ஊர்க் கோயிலின் பதிவுகள், கூத்து ஒளிப்பதிவுகள், மூதாதையரின் நிழற்படங்கள் ஆகியவற்றை வீட்டிலேயே சேமித்து வைப்போர், பல வன்தட்டுகளை ஒன்றாகப் பிணைத்துச் சேவையகம் அமைக்கும் முறையினைக் கைக்கொள்கின்றனர். ‘ரெயிட்’ எனப்படும் இம்முறை எதனைக் காக்கும், எதனைக் காக்காது என்பதனை இப்பகுதியின் ஏட்டு வரலாற்றோடு வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பகுதி எழுவான்கரை எனவும், வாவிக்கு மேற்கேயுள்ள வயல்சார் நிலம் படுவான்கரை எனவும் வழங்கும். ஞாயிறு எழுகின்ற கரை, படுகின்ற கரை என்னும் இப்பாகுபாடு வாழ்க்கை முறைக்கு மட்டுமன்றி இயற்கை அழிவுகளுக்கும் பொருந்துவது. கடல் பொங்கினால் முதலில் தாக்கப்படுவது எழுவான்கரை. மேற்கிலிருந்து வெள்ளம் இறங்கினால் முதலில் மூழ்குவது படுவான்கரை. ஆவணங் காத்தல் பற்றிய ஆய்வில் இந்நில அமைப்பு மறக்கப்படலாகாது.

இப்பகுதியின் ஏட்டு மரபுக்குக் கண்ணகி வழக்குரை சிறந்த எடுத்துக்காட்டாகும். தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் முதலிய ஊர்களிலுள்ள கண்ணகை அம்மன் கோயில்களில் ஆண்டுதோறும் வைகாசித் திங்களில் நடைபெறும் சடங்கின்போது இந்நூல் பாடப்பெறும். விழா குளிர்த்தியுடன் நிறைவெய்தும். பண்டிதர் வி. சீ. கந்தையா இதனை 1968 இல் பதிப்பித்தார். இதற்கு முன்னர், 1962 இல், வித்துவான் எஃப். எக்ஸ். சி. நடராசா மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்திருந்தார். நூற்றாண்டுகளாக ஓலையில் மட்டுமே வாழ்ந்த நூல்கள் அச்சுக்கு வரும்வரை அழியாதிருந்தமைக்குக் காரணங்கள் யாவை?

ஓலை நெடுங்காலம் நிலைப்பதன்று. வாவியின் ஈரக்காற்றும் பூச்சியும் அதனைச் சிதைத்தே தீரும். ஆகவே நூல் நிலைத்தது ஓலையின் வலிமையினாலன்று. மூன்று வழக்கங்களினாலேயே எனலாம். முதலாவது, பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டிற் படியெடுக்கப்பட்டது. இரண்டாவது, படிகள் ஒரே இடத்திற் குவியாது ஊர்தோறும் கோயில்தோறும் பரந்திருந்தன. மூன்றாவது, ஆண்டுக்கொரு முறையேனும் ஏடு அவிழ்க்கப்பட்டுப் படிக்கப்பட்டது. படிக்கும்போதுதான் எந்த ஓலை முறிந்தது, எவ்வெழுத்து மறைந்தது என்பன தெரியவரும். படிக்கப்படாத ஏடு இருக்கின்றதா அழிந்ததா என்பதனை எவரும் அறியார்.

படிகள் பலவாதல் பிறிதொரு வகையிலும் பயன்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தபோது பல ஏடுகளைத் தேடித் திரட்டி ஒப்புநோக்கினர். 1887 இல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்பு அவ்வாறு உருவானதே. ஓரேடு மட்டும் கிடைப்பின் அதன் பிழை பிழையெனத் தோன்றாது. ஈரேடுகள் கிடைத்து அவை மாறுபடின் பிழையுண்டு என்பது தெரியும். எது பிழை என்பது தெரியாது. மூன்றாம் ஏடோ, யாப்பு முதலிய வேறொரு சான்றோ இருந்தாலன்றி அவ்வழக்குத் தீராது. ஏட்டுப் பதிப்பாசிரியர் எதிர்கொண்ட இதே இடர்ப்பாட்டினை வன்தட்டு அமைப்போரும் பின்னர் எதிர்கொள்ள நேர்ந்தமை கருதத்தக்கது.

ஓரிடத்திற் குவித்தலின் கேட்டினை ஈழத்துத் தமிழர்க்கு உணர்த்திய நிகழ்ச்சி யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. 1933 இல் கே. எம். செல்லப்பா என்பவரின் இல்லத்துச் சிறு நூற்சேர்க்கையாகத் தொடங்கி வளர்ந்த யாழ்ப்பாணப் பொது நூலகம், 1981 மே 31 இரவு தீயிடப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அங்கிருந்தவற்றுள் அச்சிடப்பட்டோ வேறிடத்திற் படியெடுக்கப்பட்டோ இருந்தவை மீண்டும் கிடைத்தன. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை முன்னரே அச்சேறியிருந்தமையால் இன்றும் படிக்கப்படுகின்றது. வேறு படியில்லாதவை மீளவில்லை. காவலும் கட்டடமும் அன்றி, வேறிடத்துப் படியே நூலைக் காத்தது என்பது இதனாற் பெறப்படும்.

இனி, வன்தட்டின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். 1956 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்தட்டுக் கருவியில் 50 தட்டுகள் இருந்தன. அது கொண்டது 50 இலட்சம் எழுத்துகளே. 1978 இல் அந்நிறுவனத்தைச் சேர்ந்த நோமன் கென் ஊச்சி, பழுதுற்ற சேமிப்பகத்தின் தரவை ஏனையவற்றிலிருந்து மீட்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இக்கருத்துக்கு முறையான வடிவமும் பெயரும் தந்தவர்கள் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், ராண்டி கற்ஸ் ஆகிய மூவராவர். 1988 இல் வெளிவந்த அவர்களின் கட்டுரை, விலையுயர்ந்த பெருந்தட்டு ஒன்றுக்குப் பதிலாக மலிவான சிறுதட்டுகள் பலவற்றைப் பயன்படுத்தலாம் என வாதித்தது. ஆயின் ஒரு தட்டு சராசரி 30,000 மணி நேரம் உழைக்குமாயின், 100 தட்டுகள் சேர்ந்தவிடத்து 300 மணிக்கு ஒன்று பழுதுறும். அதாவது இரண்டு கிழமைக்குள் ஓர் இழப்பு நேரும். எனவே தட்டுகளைப் பெருக்குவோர் இழப்பை ஈடுசெய்யும் வழியையும் உடன் அமைத்தல் வேண்டும் என்பதே அவர்தம் முடிபு.

அவ்வழி எளிய கணக்கினை அடிப்படையாகக் கொண்டது. மூன்று தட்டுகளில் ஒரே இடத்தில் முறையே 1, 0, 1 என்னும் இலக்கங்கள் உள்ளன எனக் கொள்வோம். நான்கு தட்டுகளிலும் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டையாக அமையுமாறு நான்காவதில் ஓர் இலக்கம் எழுதப்படும். இங்கு அது 0 ஆகும். முதலாவது தட்டு அழிந்தால் எஞ்சுவன 0, 1, 0. ஒன்றுகள் ஒற்றைப்படையாய் உள்ளமையால் அழிந்த இலக்கம் 1 என்பது தெளிவு. இந்த ஈடுசெய் இலக்கங்களை எல்லாத் தட்டுகளிலும் பகிர்ந்து வைப்பது ‘ரெயிட் 5’ எனவும், இருவகை ஈடு வைத்து இரு தட்டுகள் அழியினும் தாங்குவது ‘ரெயிட் 6’ எனவும், ஒன்றில் உள்ளதை அப்படியே மற்றொன்றிலும் எழுதுவது ‘ரெயிட் 1’ எனவும் வழங்கும்.

பெருநிறுவனங்களுக்குரியதாயிருந்த இம்முறை, தட்டுகள் மலிந்தமையாலும் லினக்ஸ் முதலிய கட்டற்ற மென்பொருள்களாலும் வீடுகளுக்கு வந்தது. வாவிக்கரையில் இதன் தேவை கற்பனையன்று. வடமோடி, தென்மோடிக் கூத்துகள் விடியவிடிய ஆடப்படுபவை. விநாடிக்கு 50 மெகாபிற் வீதம் எட்டு மணி நேரம் ஒளிப்பதிவு செய்யின் ஓரிரவுக் கூத்துக்கு 180 கிகாபைற் இடம் வேண்டும். 12 ரெராபைற் தட்டொன்று ஏறத்தாழ 66 கூத்துகளோடு நிரம்பிவிடும். ஆதலின் எட்டுத் தட்டுகளை ஓரணியாக்க ஒருவர் விரும்பின் அதில் வியப்பில்லை. மொத்தக் கொள்ளளவு 96 ரெராபைற்; ரெயிட் 5 ஆயின் பயன்படுவது 84; ரெயிட் 6 ஆயின் 72.

இவ்விடத்தில் 12 ரெராபைற்றை இழக்க மனமின்றி ரெயிட் 5 ஐத் தெரிவோர் உளர். பேரணிகளுக்கு அது தகாது என்பதற்குக் காரணம் உண்டு. ஒரு தட்டு பழுதுற்றுப் புதியது பொருத்தப்பட்டதும், எஞ்சிய ஏழு தட்டுகளிலுமுள்ள 84 ரெராபைற்றையும் முழுமையாகப் படித்தாலன்றி இழந்ததை மீட்க முடியாது. விநாடிக்கு 200 மெகாபைற் வீதம் இடையறாது எழுதினும் 12 ரெராபைற் தட்டொன்றை நிரப்ப 16 மணி நேரத்துக்கு மேலாகும். வீட்டுப் பயன்பாட்டுத் தட்டுகள் பலவற்றுக்கு உற்பத்தியாளர் கூறும் எல்லை, 12.5 ரெராபைற் படிப்புக்கு மீட்கவியலாப் பிழை ஒன்றுக்கு மேற்படாது என்பதாகும். நடைமுறையில் பிழைகள் இதனிலும் குறைவாயினும், 84 ரெராபைற் படிக்கையில் ஒன்றுமே நேராது என நம்பியிருத்தல் அறிவுடைமையன்று. அன்றியும், ஒரே நாளில் ஒரே தொகுதியில் வாங்கிய தட்டுகள் ஒரே காலத்தில் மூப்படைதல் இயல்பு. ஆகவே பேரணிகளுக்கு ரெயிட் 6 போன்ற ஈரீட்டு முறையே ஏற்புடையது.

பழுதுற்ற தட்டு தன் பழுதை அறிவிக்கும். அறிவியாது மாறிய எழுத்தோ அதனினும் கொடியது. இணையான இரு தட்டுகளில் ஓரிலக்கம் மாறுபடின் எது மெய்யெனத் துணிவது? ஈரேடு கொண்ட பதிப்பாசிரியரின் இடர்ப்பாடே இது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவாகி 2005 இல் மூலநிரல் வெளியிடப்பட்ட ‘இசட்.எப்.எஸ்’ என்னும் கோப்பு முறைமை ஒவ்வொரு தரவுத் தொகுதிக்கும் சரிபார்ப்புத் தொகை ஒன்றைத் தனியே பதிந்து வைத்து இதற்கு விடை கண்டது. யாப்புக் கெட்ட அடியினைப் புலவர் இனங்காணுதல் போல, தொகை பொருந்தாத படியினை அது பிழையென விலக்கி, பொருந்திய படியிலிருந்து திருத்தும். இதற்காகக் குறித்த கால இடைவெளியில் அணி முழுவதையும் படித்துச் சோதிக்க வேண்டும். வைகாசிதோறும் ஏடு அவிழ்த்த வழக்கத்தின் பயனும் இச்சோதனையின் பயனும் ஒன்றே. அமைத்துவிட்டு மறந்துபோன தட்டணி, அவிழ்க்கப்படாத ஏட்டுக்கட்டினையே ஒக்கும்.

மின்வெட்டும் ஓர் இடராகும். தரவு எழுதப்பட்டு ஈடுசெய் இலக்கம் எழுதப்படுமுன் மின்சாரம் நின்றால் இரண்டும் ஒவ்வாது போகலாம். 2022 இல் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நீண்டதனை நினைவிற் கொள்வோர், மின்கலத் துணையின்றித் தட்டணி அமைக்கத் துணியார்.

இவையனைத்தும் செவ்வனே அமைந்த பின்னரும் ஒரு குறை எஞ்சும். தட்டணி காப்பது தட்டின் அழிவிலிருந்து மட்டுமே. வீட்டின் அழிவிலிருந்து அன்று. எட்டுத் தட்டுகளும் ஒரே பெட்டியில், ஒரே கூரையின்கீழ், ஒரே மின்னிணைப்பில் உள்ளன. தவறுதலாக அழித்த கோப்பு எட்டிலும் ஒருங்கே அழியும். தீயும் திருட்டும் எட்டையும் ஒருங்கே கொள்ளும். இப்பகுதியின் அண்மைக்கால வரலாறு இதற்குப் போதிய சான்று தருகின்றது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கல்லடி, நாவலடி முதலிய எழுவான்கரை ஊர்களைத் தாக்கியது. வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரை அலைக்குத் தப்பியது. 2011 சனவரிப் பெருவெள்ளத்திலோ படுவான்கரை ஊர்கள் நீரிற் சூழப்பட்டன. ஒரு கரையை அழிப்பது மறுகரையை விட்டுவைக்கலாம். ஆகவே ஒரு படி எழுவான்கரையிலும் மற்றொன்று படுவான்கரையிலும் இருப்பின் இவ்விரு பேரிடர்களில் ஒன்றேனும் தப்பும் வாய்ப்பு மிகுதி.

ஆயினும் அதுவும் முற்றான காப்பன்று. 1978 நவம்பர் 23 ஆம் நாள் வீசிய சூறாவளி இரு கரைகளையும் வேறுபாடின்றித் தாக்கியது. 900 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். கூரை இழந்த வீடுகளில் எத்தனை ஏடுகளும் கொப்பிகளும் மழையில் ஊறின என எவரும் கணக்கெடுத்திலர். 1983 முதல் 2009 வரை நீடித்த போரும் இரு கரை மக்களையும் இடம்பெயரச் செய்தது. எனவே மூன்றாவது படி பகுதிக்குப் புறத்தே இருத்தல் இன்றியமையாததாகின்றது. மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என இக்காலத்தார் கூறும் விதியும் இதுவே. 2005 இல் தன்னார்வலர் முயற்சியாகத் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வருடி இணையத்தில் வைத்தமையால், அவற்றின் படிகள் உலகெங்கும் பரவ வழி பிறந்தது. வீட்டுத் தட்டணியில் உள்ள கூத்தும் கொப்பியும் இத்தகைய பொதுச் சேமிப்பினைச் சென்றடையும்போதே அவற்றின் காப்பு நிறைவுறும்.

இதுவரை கூறியவற்றால் பெறப்படுவது யாதெனில், தட்டணி பயனற்றது என்பதன்று. அது ஒரு படியைச் செவ்வனே பேணுவதற்கான கருவி. பல படிகளுக்கு ஈடாகாது. கண்ணகி வழக்குரை ஒரு கோயிலின் பெட்டகத்தில் மட்டும் இருந்து, அப்பெட்டகம் எத்துணை உறுதியாயிருந்தாலும், 1968 ஆம் ஆண்டின் அச்சுக்கு வந்திருக்கும் என உறுதி கூற இயலாது. ஊர்தோறும் படியெடுத்தோர் தம் ஏட்டைத் தமக்கே உரியதாகப் பூட்டி வைத்திலர். கேட்டவர்க்குப் படியெடுக்கக் கொடுத்தனர். பெருந்தட்டணி அமைக்கும் ஒருவர் எட்டுத் தட்டுகளின் விலையைக் கணக்கிடும்போதே, மறுகரையில் உள்ள உறவினர் வீட்டில் வைக்க வேண்டிய படிக்குரிய செலவையும் சேர்த்துக் கணக்கிடுவாராயின், வாவிக்கரை முன்னோரின் முறையினையே அவர் பின்பற்றியவராவர்.